குளத்தில் கொக்குகள் செத்துக் கிடக்கின்றன, பறவைக் காய்ச்சல் என்று மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

குளக்கரைவாசி

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பாசனக் குளத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்துப் பக்கம்தான். அங்கே வரும் பறவைகளில் ஒரு பங்கு எங்கள் குளத்துக் கருவேல மரங்களிலும் ஊருக்குள் நிற்கும் புளிய மரங்களிலும் வந்து அடையும். நீர்க்காகம் இப்போது குஞ்சோடு இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சி பொறுக்க ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் நன்றாக நிற்கும் வருஷங்களில் வரித்தலை வாத்தும் இறங்கும், இந்த வருஷம் இறங்கியிருக்கிறது.

பிரச்சினை இதுதான். நான்கு நாளாகக் குளத்தின் மேற்குக் கரையில் உண்ணிக்கொக்குகள் செத்துக் கிடக்கின்றன. நேற்று ஒரு நாரையும் கிடந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எங்கேயோ எடுத்த பழைய வீடியோவைப் போட்டு, பறவைக் காய்ச்சல் நம் ஊருக்கு வந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து ஒரே பேச்சு. கூடு இருக்கிற மரங்களை வெட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். வெடி போட்டு விரட்டினால் போதும் என்கிறார்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு கோழி இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டத்தில் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்_பண்ணை

அண்ணே, நான் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். உங்கள் ஊர்க்காரர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. பண்ணையில் ஒரு கோழிக்கு இந்த நோய் வந்தால் அத்தனையையும் கொன்று குழியில் போடுவார்கள். வங்கிக் கடன் அப்படியே நிற்கும். வெளிநாட்டுப் பறவை வந்து இறங்குகிற குளத்துக்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. விரட்டுவதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை.

நீர்ப்பறவை_நோக்கி

விரட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

செத்த பறவையை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். நாயும் பூனையும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் கால்நடைத் துறைக்குத் தகவல் போய்விடும். கூடவே பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலும் வனத்துறையிலும் சொல்லுங்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்த இடம், என்றைக்கு முதலில் பார்த்தது என்று எழுதி, தள்ளி நின்று எடுத்த படத்தையும் கொடுங்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் ஆடு மாடு இறங்காமல் இருந்தால் நல்லது.

இரண்டாவது, சாவுக்குக் காரணம் காய்ச்சல்தான் என்று யாரும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் சுமார் 18,000 பறவைகள் செத்து மிதந்தன. நாடே பறவைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தது. பரிசோதித்துப் பார்த்தால் பாட்டுலிசம். தண்ணீரில் கிடக்கும் அழுகல் சதையில் ஒரு பாக்டீரியா பெருகி உண்டாக்கும் நஞ்சு அது. பறவைக்குக் காலும் சிறகும் கழுத்தும் வரிசையாகச் செயலிழந்து, தலையைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே முங்கிச் செத்துப் போகும். பிணங்களை அப்புறப்படுத்தியதும் சாவு குறைந்தது. அங்கே பறவைக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு மரத்தை வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

உங்கள் பக்கம் இது பிசான நெல்லுக்கு மருந்தடிக்கிற நேரம். உண்ணிக்கொக்கு வயலில் பூச்சி பொறுக்குகிற பறவை. மருந்தடித்த வயலில் மேய்ந்து செத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. செத்தவற்றில் கொக்குதான் அதிகமா, இல்லை வாத்துகளும் சாகின்றனவா? வாத்துகளைக் கவனித்துப் பாருங்கள், அதிலிருந்து கொஞ்சம் ஊகிக்கலாம்.

குளக்கரைவாசி

இன்று காலையில் தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்தேன். உண்ணிக்கொக்கு 11, நாரை 1. வாத்து ஒன்றுகூடச் சாகவில்லை. வரித்தலை வாத்துகள் நடுத்திட்டில் வழக்கம்போல மேய்கின்றன. ஒரு கொக்கு உயிரோடு கரையில் உட்கார்ந்திருந்தது. நான் நெருங்கியும் பறக்கவில்லை. இரண்டு இறக்கையும் தொங்கிப் போய், அலகைத் திறந்து திறந்து மூடியது. கால் விரல்கள் மடங்கியிருந்தன. வாயில் நுரை மாதிரி ஈரம். 1962க்குச் சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

விரல் மடங்குவதும் வாயில் நீர் வழிவதும் பூச்சிமருந்திலும் வரும். ஆனால் இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பறவைக் காய்ச்சலில் பெரும்பாலும் மூளை பாதிக்கும். கழுத்து திருகிக்கொள்ளும், நின்ற இடத்திலேயே சுற்றும், நீந்துகிற பறவை வட்டமடிக்கும், காகம் என்றால் கிளையிலிருந்து அப்படியே விழும். கண் மங்கும். சிலவற்றில் ஒரு அறிகுறியும் இருக்காது, காலையில் பார்த்தால் கிடக்கும். அதனால்தான் ஆய்வகம் வேண்டும் என்கிறோம்.

வருகிறவர்கள் மூச்சுக்குழாயிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுப்பார்கள். புதிதாகச் செத்த பறவை கிடைத்தால் முழுதாகவே ஐஸ் பெட்டியில் எடுத்துப் போவார்கள். அழுகிப்போனதில் ஒன்றும் தெரியாது, எனவே சீக்கிரம் சொல்வதுதான் பாதி வேலை. இந்த நோயை நாட்டில் உறுதி செய்வது போபாலில் இருக்கும் தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். அங்கிருந்து வருகிற சொல்தான் கடைசிச் சொல்.

பிணங்களை அவர்கள் சொன்ன பிறகு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். குளத்தில் தள்ளிவிடுவதோ கரையில் போட்டு அரைகுறையாகக் கொளுத்துவதோ கூடாது.

மாடித்தோட்டம்_மதுரை

குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். எங்கள் மாமியார் தினமும் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். காகத்துக்கும் இந்தக் காய்ச்சல் வரும் என்று டிவியில் சொன்னதிலிருந்து வீட்டில் சண்டை. வைக்கலாமா, கூடாதா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

உங்கள் பகுதியில் காகங்கள் கூட்டமாகச் சாகவில்லை என்றால் அம்மா தாராளமாக வைக்கட்டும். கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். எச்சத்தை வெறுங்கையால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கழுவுங்கள், காய்ந்த எச்சத்தைப் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைத் தினம் தேய்த்துக் கழுவி, கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். பக்கத்தில் காகங்கள் சாவதாகச் செய்தி வந்தால் மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பறவைகள் ஒரே இடத்தில் கூடுவதைக் குறைக்கத்தான் அது.

காகத்துக்கு வருவது உண்மைதான். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும், 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் உத்கீரிலும் காகங்கள் செத்து விழுந்தபோது பரிசோதனையில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. செத்ததைத் தின்கிற பறவை என்பதால் முதலில் அடிபடுவது அதுதான். முட்டை, கறி பற்றியும் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். 70 டிகிரிக்கு மேல் உள்வரைக்கும் வெந்தால் வைரஸ் பிழைக்காது. நம் வீட்டுக் குழம்பு கொதிக்கிற கொதிப்பில் அதற்கு இடமே இல்லை. பச்சை முட்டை குடிப்பதையும், பிள்ளைகள் பச்சைக் கறியைத் தொட்டு விளையாடுவதையும் நிறுத்துங்கள். 2025 மார்ச்சில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இந்தக் காய்ச்சலில் இறந்தது. சமைக்காத கோழித்துண்டை வாயில் போட்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மனிதருக்கு வருவது மிக அரிது, வந்தால் கடுமையாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை.

நாமக்கல்_பண்ணை

டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் மூலம் எங்கே என்று யாரும் பேசவில்லையே. ஹிமாசலில் பாங் அணையில் செத்ததெல்லாம் இதே வரித்தலை வாத்துதானே? அது மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் நோயைச் சுமந்து வருகிறது, நம் கோழி சாகிறது. நான் பறவைகளுக்கு விரோதி இல்லை. என் பண்ணையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுகிறேன்.

நீர்ப்பறவை_நோக்கி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பாங் அணையில் 2020 டிசம்பர் கடைசியில் சாவு ஆரம்பித்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் 5,000 பறவைகள் போயின, பெரும்பாலும் வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, தரையில் கழுத்து முறுக்கிக் கிடந்தது. எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ்தான் என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது. இதெல்லாம் உண்மை. காட்டுப் பறவைகள் வைரஸைத் தூரதேசத்துக்குக் கொண்டுபோகின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வைரஸின் பிறப்பிடம் குளம் இல்லை. காட்டு வாத்துகளின் குடலில் காலங்காலமாக இருந்த காய்ச்சல் வைரஸ்கள் பெரும்பாலும் சாதுவானவை. வாத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே வைரஸ் ஆயிரக்கணக்கில் கோழிகள் நெருக்கியடித்து நிற்கும் கொட்டகைக்குள் போகும்போது கொடிய வடிவம் எடுக்கிறது. இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 வம்சத்தின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்திடம் கண்டுபிடிக்கப்பட்டது. மறுவருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அங்கிருந்த கோழிகள் அனைத்தையும் கொன்றார்கள். 2005இல்தான் அது காட்டுப் பறவைகளிடையே பெரிய அளவில் வெடித்தது. சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 6,000க்கும் மேற்பட்டவை செத்தன. அங்கேயும் அதிகம் செத்தது வரித்தலை வாத்துதான். அதாவது நம் பண்ணைகளில் வளர்ந்த நோய் அவற்றிடம் போய், இப்போது அவற்றின் வழியாகத் திரும்பி வருகிறது.

அதற்கு அவை கொடுத்த விலையைப் பாருங்கள். 2021 கடைசியில் இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் 5,000க்கும் மேற்பட்ட பெருங்கொக்குகள் செத்தன. விவசாயிகளின் பயிரைத் தின்றுவிடாமல் இருக்கச் சோளம் போட்டு ஒரே ஏரியில் கூட்டி வைத்திருந்த இடம் அது, நெருக்கம் நோய்க்கு வசதியாகிவிட்டது. 2022இல் கிரீஸின் பிரெஸ்பா ஏரியில் டால்மேஷியன் கூழைக்கடா 1,700க்கும் மேல் போயின. உலகத்தில் இருக்கிற அந்த இனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒரே பருவத்தில் போய்விட்டது. 2023இல் அமெரிக்காவில் 21 கலிஃபோர்னியா காண்டார் கழுகுகள். காட்டில் மொத்தமே சில நூறு மிஞ்சியிருக்கும் இனம் அது. அதே வருஷம் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச்சீல் குட்டிகள் சுமார் 17,000 இறந்தன, அந்தப் பருவத்தில் பிறந்தவற்றில் தப்பியது சொற்பம். கோழிகளைக் கொன்றால் மறுபடி குஞ்சு இறக்கலாம். கூழைக்கடா இரண்டொரு முட்டைதான் இடும், வளர்ந்து ஜோடி சேர வருஷங்கள் ஆகும்.

விரட்டுவதைப் பற்றி: ஒரு குளத்தில் நோய் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வெடி போட்டால் அந்தப் பறவைகள் எங்கே போகும்? சுற்றியுள்ள பத்துக் குளங்களுக்கும் பிரிந்து போகும், ஒரே குளத்தில் முடங்கியிருந்த நோய் பத்துக்கும் போகும். மிரண்டு அலைகிற பறவை இரை எடுக்காது, உடம்பு தளரும், இன்னும் எளிதாகத் தொற்றும். காட்டுப் பறவைகளைக் கொல்வதும் விரட்டுவதும் கூட்டைக் கலைப்பதும் உதவாது என்று ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கை அமைப்பும் சேர்ந்து நடத்தும் அறிவியல் குழு பல வருஷங்களாகச் சொல்லி வருகிறது. நம் அரசின் செயல்திட்டமும் வளர்ப்புக் கோழி வாத்துகளைத்தான் அழிக்கச் சொல்கிறது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நோய்ப் பகுதி, பத்து கிலோமீட்டர்வரை கண்காணிப்பு. கூட்டைக் கலைப்பதும் குஞ்சைக் கொல்வதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கூட்டத்தில் நினைவூட்டுங்கள்.

நாமக்கல் நண்பரே, உங்கள் பயத்துக்கு மருந்து உங்கள் வேலிக்குள் இருக்கிறது. கொட்டகைக்கு வலை, தீவன மூட்டைக்கு மூடி, வாசலில் கிருமிநாசினித் தொட்டி, கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, குளத்துத் தண்ணீரை அப்படியே கோழிக்குக் காட்டாமல் இருப்பது, ஒரு பண்ணை முட்டை அட்டையை இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. பண்ணையிலிருந்து பண்ணைக்கு நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் வண்டிச் சக்கரமும் ஆள் செருப்பும் அட்டையும்தான்.

நாமக்கல்_பண்ணை

பெரிய பண்ணைகளில் இதெல்லாம் செய்கிறோம். கேரள எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிக்கு மருந்தடித்து அனுப்புவதும் தெரியும். சின்னப் பண்ணைக்காரனுக்கு வலை போடக்கூடக் காசில்லை. அதற்கு மானியம் கொடுக்கச் சொல்லுங்கள், பறவைப் பிரியர்கள் அதற்கும் குரல் கொடுத்தால் நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம். வெடி வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரம் ஊருக்குள் இருப்பது பற்றி எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

தாரா_மேய்ப்பு

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தாரா, அதாவது வளர்ப்பு வாத்து, மேய்க்கிறது. செய்யாறு பக்கம். அறுவடை முடிந்த வயலில் இறக்குவோம், சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று முட்டை போடும். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை என்றால் அங்கே, திருநெல்வேலியில் என்றால் இங்கே. ராத்திரி வலை கட்டி அடைத்து, பக்கத்திலேயே நாங்கள் படுத்துக்கொள்வோம்.

இங்கே எல்லோரும் பண்ணை என்கிறீர்கள், காட்டுப் பறவை என்கிறீர்கள். எங்கள் தாரா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது மேயும் வயலில்தான் கொக்கும் நாரையும் ஊசிவால் வாத்தும் மேயும். ஒரே தண்ணீர். கேரளத்தின் குட்டநாட்டில் 2014லும் 2016லும் 2021லும் 2024லும் இந்த நோய் வந்தபோது தாராக்காரர்கள்தான் மொத்தமாக அழிந்தார்கள். 2021இல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட தாராவுக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய் கொடுத்தது. முட்டை போடுகிற தாராவை அந்தக் காசுக்கு வாங்க முடியாது.

எங்களுக்கு என்ன பயம் என்றால், நோய் என்று வெளியே சொன்னால் மறுநாள் எல்லாம் குழிக்குள். சொல்லாமல் மறைத்து வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால் நோயும் கூடவே போகும். நான் மறைக்கச் சொல்லவில்லை. இழப்பீடு சரியாக, சீக்கிரமாக வந்தால் யாரும் மறைக்க மாட்டார்கள். தாராவுக்குத் தடுப்பூசி இல்லையா டாக்டர்?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையதுதான். தாரா வெளிக்கு நன்றாக இருந்துகொண்டே வைரஸைக் கழிக்கும், அதுதான் ஆபத்து. கோழி விழும்போதுதான் நமக்குத் தெரியும்.

பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. அதற்கடுத்த பருவத்தில் அங்கே நோய் மிகவும் குறைந்தது. நம் நாட்டில் இந்தக் கொடிய வகைக்குத் தடுப்பூசி போடும் கொள்கை இல்லை, கண்டுபிடித்து அழிப்பதுதான் வழி. தடுப்பூசி போட்டால் நோய் உள்ளே மறைந்து சுற்றுமோ, ஏற்றுமதி தடைப்படுமோ என்கிற தயக்கம் பல நாடுகளுக்கும் உண்டு. ஊசி போட்ட மந்தையைத் தொடர்ந்து பரிசோதிக்கும் வசதி இருந்தால்தான் அது சரிப்படும்.

உங்களால் இப்போது முடிந்தது: புதிதாக வாங்கிய தாராவை உடனே மந்தையில் விடாமல் தனியே வைத்துப் பாருங்கள். நீர்ப்பறவைகள் கூடி நிற்கும் குளத்தின் கரையில் ராத்திரிப் பட்டி போடாதீர்கள். முட்டை பொறுக்கும் பிள்ளைகள் கை கழுவட்டும். தாரா சுற்ற ஆரம்பித்தாலோ கண் வெளுத்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள்.

வடகடல்_செவிலி

நான் எடின்பரோவில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நார்த் பெர்விக் என்று ஒரு கடலோர ஊர். எதிரே கடலுக்குள் பாஸ் ராக் என்ற பாறைத் தீவு. கோடையில் பார்த்தால் பனி பெய்தது போல வெள்ளையாக இருக்கும், அத்தனையும் கேனட் என்கிற கடற்பறவை. 2022க்கு முன் உலகத்திலேயே அந்தப் பறவை அதிகமாகக் கூடு கட்டிய இடம். 2022 கோடையில் அந்த வெள்ளையில் திட்டுத் திட்டாக ஓட்டை விழுந்துவிட்டது. கடற்கரையில் நடந்தால் அலை கொண்டுவந்து போட்ட கேனட்கள் கிடந்தன. ஸ்கூவா என்ற பறவைக்கு இன்னும் மோசம், பிரிட்டனில் இருந்ததில் முக்கால் பங்கு போய்விட்டதாகப் பின்னால் எடுத்த கணக்கு சொன்னது.

ஒரு விஷயம் என்னால் மறக்க முடியவில்லை. கேனட்டின் கண் வெளிர் நீலமாக இருக்கும். காய்ச்சல் வந்து பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு அந்தக் கருவிழி கறுத்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்து, கறுத்த கண் உள்ளவை பெரும்பாலும் நோயைத் தாங்கித் தப்பியவை என்று உறுதி செய்தார்கள். தீவிலிருந்து வந்த படங்களில் ஒரு கண் நீலமும் ஒரு கண் கறுப்புமாகக்கூடப் பறவைகள் இருந்தன.

இங்கே யாரும் அவற்றை விரட்டப் போகவில்லை. செத்த பறவையைத் தொடாதே, நாயைக் கட்டிப் பிடி, இந்த எண்ணுக்குச் சொல் என்று கடற்கரையெங்கும் பலகை வைத்தார்கள். பறவைகள் கூடு கட்டும் சில தீவுகளுக்குச் சுற்றுலாப் படகுகளை நிறுத்தினார்கள். உங்கள் குளக்கரையிலும் அப்படி ஒரு பலகை வைக்கலாமே அண்ணா?

வேட்டங்குடி_வாசகி

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அடையும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊர்கள் வெடி வெடிப்பதில்லை. எத்தனையோ பத்தாண்டுகளாக இப்படித்தான். எங்கள் அம்மாவின் பிறந்தகம் அந்தப் பக்கம். புதுசாகக் கல்யாணம் ஆகி வருகிற மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வெடி இல்லாமல்தான் இருப்பார். வேடந்தாங்கல்காரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய் நின்று பாதுகாப்பு உத்தரவு வாங்கியது 1798இல். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

குளக்கரைவாசி

மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலிருந்து வந்தார்கள். முழு உடையும் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்கியதைப் பார்த்து ஊரே கூடிவிட்டது. முதலில் எனக்குக் கவலையாக இருந்தது, இதைப் பார்த்துப் பயம் கூடுமே என்று. ஆனால் அந்த டாக்டரம்மா கரையிலேயே நின்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு குழுவில் அந்த வீடியோ சுற்றவில்லை. மாதிரி போயிருக்கிறது. கொக்குகள் மேய்ந்த வயலில் இரண்டு நாள் முன்னால் மருந்தடித்ததையும் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டமும் நடந்தது. மரம் வெட்டுவது இல்லை, வெடி இல்லை என்று முடிவு. ஒன்றை மட்டும் இரண்டு பேர் விடாமல் கேட்டார்கள்: மரத்திலிருந்து விழும் நீர்க்காகக் குஞ்சுகளைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள், அதற்கு என்ன செய்வது? கூந்தங்குளத்தில் பறவை மனிதர் பால்பாண்டி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்ததைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. எடுக்காதே என்று சொல்ல மனசு வரவில்லை.

நீர்ப்பறவை_நோக்கி

அந்த மனசு போய்விடக் கூடாது. ஆனால் இந்தப் பருவத்தில் பிள்ளைகள் எடுக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எடுத்து, வனத்துறைக் காவலரிடம் கொடுக்கட்டும். வீட்டுக்குள்ளோ கோழிக்கூண்டுப் பக்கமோ கொண்டுபோகக் கூடாது. இதை யார் செய்வது என்று ஊரில் ஒருவரையோ இருவரையோ முடிவு செய்து விடுங்கள்.

கூட்டத்தில் இன்னொன்று பேசினீர்களா? கோழிக்கடைக் கழிவு. உங்கள் மாவட்டத்தில் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் பல குளங்களில் குடலும் இறகும் தலையும் சாக்கு மூட்டையில் கட்டிக் கரையில் வீசப்படுகின்றன. காகமும் பருந்தும் நாயும் அதைக் கிழிக்கும், மிச்சம் தண்ணீரில் கலக்கும். நோயுற்ற கோழி ஒன்று அதில் இருந்தால் போதும். 2024 கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வந்து செத்தபோது, இரையாகக் கொடுத்த கோழியின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. பறவை ஊருக்கு நோய் கொண்டு வருகிறது என்று கூட்டம் போடுகிற நாம், ஊர் நோயைக் குளத்தில் கொட்டுவதைத் தடுக்க ஒரு கூட்டம்கூடப் போடுவதில்லை. எனக்கு இதில்தான் ஆற்றாமை. ஊராட்சியில் தீர்மானம் போடச் சொல்லுங்கள், கடைக்காரர்களிடமும் பேசுங்கள். அவர்களுக்கு ஒரு குழியாவது இடம் ஒதுக்கிக் கொடுத்தால்தான் அவர்களும் கேட்பார்கள்.

குளக்கரைவாசி

பேசவில்லை. மேற்குக் கரையில் அந்த மூட்டைகள் கிடப்பது உண்மை. செவ்வாய்க்கிழமை தலைவரைப் பார்க்கிறேன்.

தாரா_மேய்ப்பு

அந்தக் குளத்துக்குக் கீழே பிசான அறுவடை முடிந்ததும் எங்கள் ஆட்கள் இறக்குவதாக இருந்தார்கள். எந்தக் குளம் என்று எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள் அண்ணே. முடிவு வரும்வரை வேறு பக்கம் ஓட்டச் சொல்கிறேன்.

குளக்கரைவாசி

அனுப்பிவிட்டேன். போபாலில் காய்ச்சல் இல்லை என்று வந்திருப்பதாக மருந்தகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. கொக்குகளின் வயிற்றில் இருந்ததை விஷப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மூன்று நாளாகப் புதிதாக எதுவும் சாகவில்லை.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

நல்லது. ஆனால் காவலை விட்டுவிடாதீர்கள். வாத்துகள் மார்ச்வரை இருக்கும். வாரம் ஒருமுறை ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று எண்ணி எழுதி வைத்தால், ஏதாவது மாறினால் உடனே தெரியும்.

மாடித்தோட்டம்_மதுரை

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளை எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கூட்டிப் போகலாம் என்றிருந்தோம். போகலாமா?

நீர்ப்பறவை_நோக்கி

கட்டாயம் போங்கள். கரைமேல் நின்றே பாருங்கள், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். ஒரு குளம் முடித்து அடுத்த குளம் போவதற்கு முன் செருப்பின் அடியைத் தேய்த்துச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கோழி வளர்ப்பவர்கள் கூட வந்தால், அன்றைக்குப் போட்ட செருப்போடு கொட்டகைக்குள் போகக் கூடாது. செத்த பறவையைப் பார்த்தால் கணக்கில் தனியாகக் குறித்து, 1962க்கும் சொல்லிவிடுங்கள். குளக்கரைவாசி, உங்கள் குளத்துப் பட்டியலையும் அன்று போடுங்கள். வரித்தலை வாத்து எத்தனை என்று கூந்தங்குளம் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.